பெயர் சொல்லாத வாக்குமூலம்

ஜனவரி 9

தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாகவே இருப்பாய். உலகில் எது நடந்தாலும் நலமாக இருப்பதற்கென்றே ஒரு பயிற்சியை மேற்கொண்டிருப்பவன் நீ. தொலைபேசியில் பேசினால் என் குரல் உயரும், உன் குரல் தாழும், அதைக் கேட்டு என் குரல் இன்னும் உயரும். ஆகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் நான் தர்க்கவியல் கற்பித்த துறையின் தலைமை, என்னிடமே பாடம் கேட்ட ஒருவனுக்குப் போயிருக்கிறது. அதற்கு நீ தரும் மருந்து: "அவருக்கு நல்லது நடக்கட்டும்னு தினமும் ஒரு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாருங்கண்ணா." சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு ஏற்கெனவே நல்லது நடந்துவிட்டபடியால் அந்த வாக்கியத்துக்கு வேலையே இல்லை என்று கண்டுகொண்டேன்.

உண்மையான பௌத்தனின் பண்புகள் என்று உன் தியான மன்றத்தார் அச்சிட்ட தாளையும் இணைத்திருந்தாய். பொறுமை, வாய்மை, இன்சொல், தன் குறை காணுதல். நன்று. ஒன்று விடுபட்டிருக்கிறது: தேவைப்படும் இடத்தில் இருத்தல்.

மூன்று ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். அம்மாவின் கடைசி நாளில், நீ உன் பத்து நாள் மௌனப் பயிற்சியில் கைப்பேசியை அணைத்துவிட்டுக் கண்மூடி அமர்ந்திருந்தபோது, அவள் உன்னைத்தான் கேட்டாள். "சின்னவன் எங்கடா? ஏன் இன்னும் வரல?" மூன்று முறை. பக்கத்தில் இருந்தவன் நான். பதில் சொல்ல முடியாமல் நின்றவனும் நான்.

இதையும் தினமும் ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்.

உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறையவில்லை. உன்னை விசாரிக்கச் சொன்னாள், விசாரித்துவிட்டேன்.

அண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அண்ணியை மாடிப்படி அதிகம் ஏற விடாதீர்கள். உங்கள் புத்தகங்களை நீங்களே கீழே கொண்டுவந்து வைத்துக்கொண்டால் பாதி வலி போய்விடும்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். போன மாதம் பதின்மூன்றாம் தேதி காலை என் கிரேனில் ஒரு விபத்து. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் பதினோராவது தளத்தில் கம்பிக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அங்கே நின்று எனக்குக் கை காட்டுபவர் எங்கள் சிக்னல்காரர். வாயில் எப்போதும் விசில் இருப்பதால் எல்லோருக்கும் அவர் "விசில்"தான். கட்டு தளத்துக்கு ஒரு முழம் மேலே இருக்கும்போது அவர் கையை முஷ்டியாக மூடி உயர்த்தினார். நிறுத்து என்று அர்த்தம். கட்டைத் தாங்கும் ஸ்லிங் ஒரு பலகையில் சிக்கியிருந்தது. அதை எடுக்கக் குனிந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் அண்ணா, ஆனால் பார்க்கவில்லை. இரண்டு விநாடி கூடுதலாக இறக்கிவிட்டேன். கட்டு அவருடைய இடது பாதத்தில் இறங்கியது.

இரண்டு எலும்பு முறிவு. விரல்கள் தப்பிவிட்டன. நடப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டாக்டருக்கும், அவரைத் தூக்கிக்கொண்டு பதினோரு மாடி இறங்கிய நால்வருக்கும், அந்தப் பாதுகாப்பு ஷூவுக்கு இரும்பு மூக்கு வைத்த யாரோ ஒருவருக்கும் தினமும் நன்றி சொல்கிறேன்.

மார்ச்சில் விசாரணை. வேலைத்தளத்தில் எனக்குச் "சாமி" என்று பட்டப்பெயர். சைட் இன்ஜினீயருக்கு என் மேல் பிரியம். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னார்.

"சாமி, சிக்னல் தெளிவா இல்லைன்னு ஒரே வரி எழுதிக் குடு. உன் லைசென்ஸும் தப்பிக்கும், கம்பெனியும் தப்பிக்கும்."

"விசில் தப்பிக்க மாட்டாரே சார்?"

"அவனுக்குத்தான் கால் போச்சே. இதுக்கு மேல என்ன போகப்போகுது?"

அவருக்கு வைத்தியமும் வேலையும் போகும். அதை அவரும் அறிவார்; அதனால்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அண்ணிக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி

பிப்ரவரி 8

தம்பிக்கு,

உனக்கு அடிபடவில்லை என்பதை உன் கடிதத்தில் எங்கும் காணாமல், எழுத்துச் சீராக இருப்பதைக் கொண்டு அனுமானித்துக்கொண்டேன். உன் அண்ணி அனுமானத்தை நம்புவதில்லை; இரண்டு வேளை சாப்பிடவில்லை. இனி விபத்து நேர்ந்தால் அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுது.

உன் வாக்குமூலத்தை நானே தயாரித்து இணைத்திருக்கிறேன். மையமான வரி இது: "அந்தக் கணத்தில் சமிக்ஞை எனக்குப் புலப்படவில்லை." இதில் பொய் இல்லை. பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை என்று எழுதியவன் நீயே. புலப்படாமைக்குக் காரணம் எவர் என்று தாள் சொல்லவில்லை. ஊகித்துக்கொள்வது விசாரணைக் குழுவின் பாடு. கையெழுத்து மட்டும் போடு.

ஜனவரி ஒன்பதாம் தேதிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. மௌனமும் ஒரு பதிலே என்று உன் மன்றத்தில் கற்பித்திருக்கக்கூடும். தர்க்கவியலில் அதற்கு இடமில்லை.

அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு ஒரு கீறலும் இல்லை என்று அண்ணியிடம் முதலில் சொல்லுங்கள். அவர் சாப்பிடாமல் இருந்ததற்கு என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

வேலைகளுக்கிடையில் எனக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. தாளைக் கசங்காமல் திருப்பி அனுப்புகிறேன். ஒவ்வொரு சொல்லும் உண்மைதான் அண்ணா. ஆனால் அதை விசிலின் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட முடியுமா என்று யோசித்தேன். முதல் வரியிலேயே என் நாக்கு நின்றுவிடும்.

எங்கள் மன்றத்தில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து, அவரவர் செய்த பிழையை அவரவரே சொல்வோம். ஒரே ஒரு விதி உண்டு. சொல்லும்போது வேறு யார் பெயரும் வரக் கூடாது. "அவர் இப்படிப் பேசினார், அதனால்தான் நான்" என்று ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் லேசாக இருமுவார். எங்கள் தையற்காரம்மா அதில் கெட்டிக்காரி. சேர்ந்த புதிதில் அவருக்கு நெஞ்சுச் சளி என்று நினைத்து நான் கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வாரமும் இருமினார்.

விசாரணையிலும் அப்படியே சொல்லலாம் என்று இருக்கிறேன். நான் நல்ல பௌத்தன் இல்லை. நல்ல பௌத்தனாக இருந்திருந்தால் அந்த இரண்டு விநாடி அங்கே இருந்திருப்பேன்.

உங்கள் தம்பி

மார்ச் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பதில் வராததால் கோபமாக இருக்கிறீர்கள் என்று புரிகிறது. இரத்த அழுத்த மாத்திரையைக் கோபத்தில் மறந்துவிடாதீர்கள்.

விசாரணை முடிந்தது. மூன்று பேர். தலைமை அதிகாரி ஒரு அம்மா.

"சிக்னல் சரியா குடுத்தாரா?"

"சரியா குடுத்தாரும்மா."

"அப்புறம் நீங்க ஏன் நிறுத்தல?"

"மனசு வேற எங்கயோ இருந்துச்சு. கோபமும் வருத்தமும். அதைச் சுமந்துக்கிட்டே ஏணி ஏறிட்டேன். ஏறியிருக்கக் கூடாது."

"யார் மேல கோபம்?"

"அதைச் சொல்ல மாட்டேன்மா."

"குடிச்சிருந்தீங்களா?"

"பதினேழு வருஷமா இல்லம்மா."

"அதுக்கு முன்னாடி?" என்றார் ஓரத்தில் இருந்தவர்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு பேர் குடிக்கிறதை நான் ஒருத்தனே குடிச்சேன் சார்."

சிரித்துவிட்டார்கள். அதிகாரி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "காரணம் தெரியாம உங்களை மறுபடியும் அறுபது மீட்டர் உயரத்துல எப்படி உட்கார வைக்கிறது? நாளைக்கு மறுபடி கோபம் வராதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

விசில் மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். அவருக்கு வைத்தியமும் சம்பளமும் தொடரும். அதுவே எனக்குப் போதும். என் லைசென்ஸை நிறுத்திவைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் காரணத்தைச் சொல்லாவிட்டால் நிரந்தரமாக ரத்து. இப்போது ஸ்டோரில் ஸ்லிங்குகளைக் கழுவிக் காயவைக்கிறேன். பத்தொன்பது வருடம் மேலிருந்து தலைக்கவசங்களை மட்டுமே பார்த்தவன், இப்போதுதான் அவற்றுக்குக் கீழே இருக்கும் முகங்களைப் பார்க்கிறேன். பாதிப் பேர் என்னைவிட வயதானவர்கள். தெரியாமல் இருந்துவிட்டேன்.

உங்கள் தம்பி

மார்ச் 23

தம்பிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். உன் கடிதங்கள் அதன் பலனை முறியடிக்கின்றன.

யார் அவன்?

உன் மன்றத்து இருமல் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்: காரணத்தை மறைத்த வாக்குமூலம் பாதி வாக்குமூலம். ஒருவன் உன்னை நிலைகுலையச் செய்திருக்கிறான். அதன் விளைவாக ஒருவருக்குக் கால் உடைந்தது, உனக்குத் தொழில் போகிறது. அவனோ எங்கோ மூன்று வேளையும் உண்டு, உறங்கி, தன்னை யோக்கியன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். அவனைக் காப்பதற்குப் பெயர் கருணை என்றால், அந்தச் சொல்லை அகராதியிலிருந்து நீக்கிவிடலாம்.

சைட் இன்ஜினீயரா? உடன் வேலை செய்பவனா? எவனாயினும் பெயரை எனக்கு மட்டும் எழுது. நீ சொல்ல வேண்டாம், குழுவுக்கு நான் எழுதுகிறேன். அவன் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக் கூசும்படி எழுதுவேன். அப்படி எழுதுவதில் எனக்குப் பயிற்சி உண்டு என்பதை நீ அறிவாய்.

அண்ணன்

ஏப்ரல் 11

பேராசிரியர் சாருக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான்தான் கால் உடைஞ்ச விசில். எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன், தப்பு இருந்தா சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பிடாதீங்க. சாமியண்ணன் தபால்ல போட வெச்சிருந்த கவர்ல உங்க விலாசம் பார்த்தேன்.

கட்டு பிரிச்சாச்சு. கம்பு ஊன்றி நடக்கிறேன். விசில் ஊதறதுக்குக் கால் எதுக்கு, வாய்தானே வேணும்னு என் வீட்டுக்காரி சொல்றா.

நன்றி சொல்லத்தான் எழுதறேன் சார். எல்லாரும் சேர்ந்து சிக்னல் தப்புன்னு எழுதிடுவாங்கன்னுதான் நினைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். சாமியண்ணன் வந்து, "நீங்க சரியாதான் குடுத்தீங்க, நான்தான் பாக்கல"ன்னு என் வீட்டுக்காரி முன்னாடியே சொன்னார். அவ கையில இருந்த டம்ளரை ஓங்கிட்டா. அவர் நகரவே இல்ல. "அடிச்சுக்கோம்மா"ன்னார். அப்புறம் அவதான் உட்கார்ந்து அழுதா.

இப்ப ஞாயிறு தவறாம வந்து எங்க துணியெல்லாம் துவைச்சுப் போட்டுட்டுப் போறார். வேண்டாம்னா கேக்கறதில்ல. உண்மையைச் சொல்லணும்னா அவருக்குத் துவைக்கத் தெரியல, காலர் அழுக்கு அப்படியே இருக்கு. அவர் போனதும் இவ மறுபடி துவைக்கிறா. சொல்லிடாதீங்க.

அவரை வளர்த்தது நீங்கதானாமே. அப்பா சீக்கிரம் போயிட்டார், அண்ணன்தான் எனக்கு எல்லாம்னு சொல்லுவார். அதான் நன்றியில பாதி உங்களுக்குன்னு எழுதறேன். உங்க லெட்டர்னா அவருக்கு உசிரு. அடிபட்ட அன்னைக்குக் காலையிலகூட கேட்ல வாட்ச்மேன் உங்க லெட்டரைக் குடுத்தார். அங்கேயே நின்னு படிச்சார். "என்னண்ணே, நல்ல சேதியா?"ன்னேன். "அண்ணன் எழுதியிருக்கார்"னு மட்டும் சொல்லி மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு ஏணி ஏறிட்டார். எப்பவும் ஏறும்போது எனக்குக் கையாட்டுவார். அன்னைக்கு மறந்துட்டார். அவ்வளவு சந்தோஷம் போல.

ஒரு உதவி சார். கமிட்டி கேட்ட காரணத்தை அவர் சொல்ல மாட்டேங்கறார். இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. நீங்க கேட்டா தட்ட மாட்டார். எப்படியாவது கேட்டு வாங்கிடுங்க.

இப்படிக்கு,
விசில்

ஏப்ரல் 16

தம்பிக்கு,

உடல் நலம். மற்றதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

விசாரணை அதிகாரிக்கு நான் அனுப்பிய கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. அதன் சாரம் இரண்டு வாக்கியங்கள்: "அவர் சொல்ல மறுத்த பெயர் என்னுடையது. அன்று காலை அவர் வாசித்தது அவரைக் காயப்படுத்துவதற்கென்றே நான் எழுதிய கடிதம். அதில் ஒரு செய்தி பொய்." பேராசிரியர் என்ற பட்டத்தோடு கையெழுத்திட்டிருக்கிறேன். பட்டத்தை விட்டிருந்தால் ஒளிந்துகொண்டது போலாகியிருக்கும்.

எது பொய் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அம்மா உன்னைக் கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. முந்தைய நாள் மாலையிலேயே அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. "சின்னவன் எங்கடா" என்பதை நான் என் மேசையில் அமர்ந்து இயற்றினேன். மூன்று முறை என்பதையும் சேர்த்து. ஒரு முறை என்றால் நீ தாங்கிக்கொள்வாய் என்று கணித்தேன்.

யார் அவன் என்று நான் கேட்டபோது நீ என்ன செய்தாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். என்னைப் பார்த்து இருமியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அண்ணன்

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணியும் நலமா? ஏழு வாரம் எழுதவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அதிகாரி அம்மா என்னைக் கூப்பிட்டார். ரத்து இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்வு எழுதி ஏறலாம். மனம் சரியில்லாத நாளில் ஏற மறுக்க ஆபரேட்டருக்கு உரிமை உண்டு, கூலி பிடிக்கக் கூடாது என்று கம்பெனிக்கும் ஓர் உத்தரவு போட்டிருக்கிறார். எங்கள் வேலைத்தளத்தில் ஆறு கிரேன். ஆறு பேரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

"உங்க அண்ணன் லெட்டரைப் படிச்சேன். எனக்கும் ஒரு அண்ணன் இருக்கார். இந்த மாதிரி எழுதவே மாட்டார்" என்றார்.

"எந்த மாதிரிம்மா? முதல் லெட்டர் மாதிரியா, ரெண்டாவது மாதிரியா?"

"முதல் லெட்டரெல்லாம் நல்லாவே எழுதுவார்."

இப்போது காரணம். உங்கள் கடிதத்தை வாசித்ததும் முதலில் பெரிய நிம்மதி. அம்மா என்னைத் தேடித் தவிக்கவில்லை. அன்று அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. மூன்று மாதம், தினமும் காலையில் கண்ணை மூடினால் "சின்னவன் எங்கடா" என்று அம்மாவின் குரல் கேட்டது. அந்தக் குரலைச் செய்தவர் நீங்கள். கோபம் போன பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது முழுதாகப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்னும் காத்திருந்தால் நன்றி பழசாகிவிடும். ஆகவே இரண்டையும் ஒரே கவரில் அனுப்புகிறேன். இரண்டும் உங்களுக்குத்தான்.

ஒன்று கேட்கிறேன் அண்ணா. அம்மாவின் கடைசி நாள் எனக்குத் தெரியாது. உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அதை எனக்கு எழுதுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்காதீர்கள்.

உங்கள் தம்பி

ஜூன் 12

அன்புள்ள தம்பி,

நலம். உன் அண்ணி இப்போது மாடி ஏறுவதில்லை. புத்தகங்கள் கீழே வந்துவிட்டன. நீ இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று எழுதச் சொல்கிறாள்.

நீ கேட்டதை எழுதுகிறேன்.

அன்று காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் அம்மாவின் மூச்சு சீராக இருந்தது. ஏழரைக்குச் சீர் குலைந்தது. எட்டு மணிக்கு வர வேண்டிய மருத்துவர் வரவில்லை. எட்டு நாற்பதுக்கு வந்தார், ஒரு ஊசி போட்டார், இனி காத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. கீழ்த்தளத்துக்குப் போய்க் கண்காணிப்பாளர் அறை வாசலில் இருந்த பெஞ்சில் அமர்ந்து புகார் எழுதத் தொடங்கினேன். மருத்துவரின் நாற்பது நிமிடத் தாமதம். மாற்றப்படாத விரிப்பு. தரை துடைக்கும் பெண் வேலையை விட்டுவிட்டு நோயாளிகளிடம் பேசிக்கொண்டிருப்பது. நான்கு பக்கம். மிக நன்றாக அமைந்திருந்தது. ஒரு வாக்கியத்தை இரண்டு முறை திருத்தினேன்.

நான் மேலே வந்தபோது மாப் சுவரில் சாய்ந்திருந்தது. அந்தப் பெண் என் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்திருந்தாள். "இப்பதான் சார், உசிரு போயி நாலு நிமிஷம் ஆச்சு. தனியா விட மனசு வரல, அதான் உட்கார்ந்துட்டேன்" என்றாள்.

நான் அவளிடம் சொன்ன ஒரே சொல்: "எழுந்திரு."

பக்கத்தில் இருந்தவன் நான் என்று உனக்கு எழுதினேன். நான் இல்லை. தேவைப்பட்ட இடத்தில் நானும் இல்லை. அன்று மாலை புகாரைக் கொடுத்தேன். அவளைப் பற்றிய பத்தியை நீக்கவில்லை.

நேற்று அந்த மருத்துவமனைக்குப் போனேன். அந்தப் பெண் இப்போது குழந்தைகள் பிரிவில் இருக்கிறாள். புகார் எழுதியவன் நான் என்று சொன்னேன். "தெரியும் சார். கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினாங்க. எனக்குப் பாதி புரியல, அவ்வளவு நல்ல தமிழ்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். நன்றி சொன்னேன். மூன்று ஆண்டு தாமதமான அந்த இரண்டு சொற்களுக்கு எனக்கு முன்னுரை எதுவும் அகப்படவில்லை, வெறுமனே சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கென்ன சார்" என்றாள்.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவனால் அன்று வர முடியவில்லை, அம்மாவைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "கை கடைசி வரைக்கும் வெதுவெதுன்னு இருந்துச்சு சார். நான் விடுற வரைக்கும்."

இது நான் சேர்த்ததல்ல.

உன் அண்ணன்